தகரப் பெட்டியும் கடைசி வரியும்

ஒகேனக்கல்லில் பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருக்கும் மணல்மேட்டில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியிருந்தது. வாழையிலைத் துண்டுகளில் வறுத்த மீன். மிளகாய்த் தூள் நகக்கண்ணில் புகுந்து எரிந்தது. கொஞ்ச தூரத்தில் அருவியின் இரைச்சல் இருந்ததால் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

ருக்மணி இலையைத் தொடவில்லை. பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்தவர் போல நிமிர்ந்து கேட்டார்.

"தகரம் இதழுக்கு வர்றதை யாரும் திருத்தக் கூடாதுன்னு விதி இருக்குதுங்களே. டெலிபோன் கவிதையோட கடைசி வரியைத் திருத்தினது யாருங்க?"

கரீம் பாய் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "அப்ப அது நீங்க எழுதினதுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"எழுதினது நான்னு சொல்லலாமுங்களா?" என்றார் பாய். கோபமாக இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நான் மீனிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்த கதையோடு போன வாரம் இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். 'தகரம்' இதழைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். எழுதாமல் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம் அந்த மீன் முள்தான். இனித் தள்ளிப்போட முடியாது. ருக்மணி என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் விட்டுப்போன தகரம்

கரீம் பாய்க்குத் தருமபுரி கடைத்தெருவில் தகரப்பெட்டிக் கடை. அவருடைய அத்தா ரங்கூனில் வேலை பார்த்தவர். குண்டு விழுந்தபோது காடு மலை எல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட பெட்ரோல் டின்களை வாங்கி, வெட்டி, தட்டி, பெட்டி செய்து விற்றார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கல்யாணமாகிப் போன பெண்கள் பலரின் புடவைகள் அந்த டின்களுக்குள்தான் இருந்தன. பெட்டியின் உள்பக்கம் இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் அழியாமல் தெரியும்.

"நம்ம தலைமுறைக்கு யுத்தம் குடுத்தது இதுதான் வாத்தியாரே. இதுல என்ன செய்யறோம்கறது நம்ம கையில இருக்குது" என்பார் பாய். அவர் எட்டாவதோடு நின்றவர். ஆனால் கிடைத்ததை எல்லாம் படிப்பார். எனக்குத் தமிழில் பட்டம் இருந்தது. அவருக்கு இலக்கியத்தில் நம்பிக்கை இருந்தது. அந்த இரண்டும் ஒன்றல்ல என்று புரிய எனக்கு நாளாயிற்று.

எங்கள் இயக்கம் பிறந்தது ஒரு கவியரங்கத்தில். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து புதிதாகப் பிரிந்த சமயம். அழைப்பிதழில் ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு பட்டம். சிலருக்கு இரண்டு. ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்த அரிசி ஆலை முதலாளிதான் தலைவர். முதல் கவிஞர் பசியைப் பற்றி எதுகை மோனையோடு பாடினார். பாட்டை நடுவில் நிறுத்தி மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த கரீம் பாய் என் தொடையைத் தட்டினார். "ஏன் வாத்தியாரே, பசியைப் பத்திப் பாடற ஆளுக்கு ஏப்பமா வருது?"

நான் சிரித்தது மேடை வரை கேட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி முறைத்தார். நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

டீ குடிக்கும்போது பாய் அழைப்பிதழை விரித்து, "பட்டம் பாட்டைவிட நீளமா இருக்குது. இந்தப் பேரையெல்லாம் எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு பாக்கணும்" என்றார். தகரம் தொடங்கியது அந்த வார்த்தையில்தான்.

மூன்று விதிகள்

எழுதியவர் பெயர் போடுவதில்லை. வந்ததை வந்தபடி போடுவது, திருத்துவதும் இல்லை, திருப்பி அனுப்புவதும் இல்லை. விலை வைப்பதில்லை. இவ்வளவுதான் எங்கள் கொள்கை. இப்போது ஆய்வு செய்கிறவர்கள் இதற்குப் பெரிய பெரிய சொற்களைச் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெயர் இருந்தால் மாலை வரும், மாலை வந்தால் பொய் வரும் என்று நம்பினோம்.

பாய் தன் அத்தா காலத்து டின் ஒன்றில் தாள் போட நீளத் துளை வைத்துக் கடை ஓரமாகத் தொங்கவிட்டார். யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். இதழ் தயாரிக்கும் நாளில் பெட்டியைத் திறப்பது என் வேலை. ஒவ்வொன்றாக எடுத்து, இரும்பு முனை வைத்த பேனாவால் மெழுகுத்தாளில் என் கையால் எழுதுவேன். அதை உருளையில் மாட்டிச் சுற்றினால் பிரதி வரும். மூலத்தாள்களை உடனே, ஈயம் உருக்கும் அடுப்பில் பாய் போட்டுவிடுவார்.

எதற்கு எரிக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "கையெழுத்து இருந்தா அது யாருதுன்னு தேடுவாங்க. தேடிப் புடிச்சா மாலை போடுவாங்க" என்றார். கவிதை எரிய, ஈயம் இளகும். அந்தச் சூட்டிலேயே அடுத்த பெட்டிக்குப் பற்று வைப்பார்.

ஆகவே தகரம் முழுவதும் என் கையெழுத்து. பெட்டிக்குள் வந்தது என்ன, இதழில் வந்தது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

வந்ததையெல்லாம் போட்டோம். கோழிச் சீக்குக்கு மருந்து வந்தது, போட்டோம். ரேஷன் சோளத்தில் கல் இருப்பதாக ஒரு வசை வந்தது, அதையும் போட்டோம். "எங்கூட்டுக் கருப்பாட்டைக் காணோம், நெத்தியில வெள்ளை இருக்கும், கண்டவங்க சொல்லுங்க" என்று ஒருவர் எழுதிப் போட்டிருந்தார். விதி விதிதான் என்று பாய் அதையும் போடச் சொன்னார். சேலத்திலிருந்து ஒரு பேராசிரியர், இந்த நூற்றாண்டின் தனிமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கவிதை வேறில்லை என்று எழுதினார். ஆட்டுக்காரர் மட்டும் கடைக்கு வந்து, "புஸ்தகத்துல போட்டும் ஆடு வரலியே பாய்" என்று சண்டை போட்டார்.

நானும் எழுதிப் போடுவேன். இதழ் வந்ததும் ஒகேனக்கல்லில் கூடி எல்லாவற்றையும் படிப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொன்றையும் படிக்கும்போது நான் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பேன். என்னுடையது வரும்போது யாராவது பீடி பற்றவைப்பார்கள், அல்லது பரிசல்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். ஆட்டுக்குக் கிடைத்த பாராட்டுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

டெலிபோன் கவிதை

ருக்மணி பென்னாகரத்துக்காரர். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகத் தற்காலிக வேலை. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவுக்காகக் காத்திருந்தார். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பெட்டி வாங்க வந்த இடத்தில் இதழைப் பார்த்துவிட்டு எங்களோடு சேர்ந்தார்.

வெளியூர் டிரங்க் கால்களைக் குறிக்கும் சீட்டின் பின்பக்கத்தில் அந்தக் கவிதை இருந்தது. அதனால் யார் எழுதியது என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது இன்னும் மனப்பாடம்.

*மதராஸ் கூப்பிட்டது.*
*ஊரில் ஒரு வீட்டைக் கொடுத்தேன்.*
*மதராஸ் குரலில் தண்ணீர் இருந்தது.*
*சாவியை மேலே தள்ளினேன்.*
*ஜன்னலில் ஒரு காகம் வந்து போயிற்று.*
*பேசி முடித்ததற்கு விளக்கு எரிந்தது.*
*ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.*

எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சிறு சாவி உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் ஆபரேட்டருக்குப் பேச்சு கேட்கும். மறுபக்கம் தள்ளினால் கேட்காது. துக்கச் செய்தி என்று குரலிலேயே தெரிந்ததும் அவர் சாவியைத் தள்ளிவிட்டார். கவிதை அதைப் பற்றியதுதான்.

எனக்குக் கடைசி வரி சப்பென்று பட்டது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து ஒன்றும் நடக்காமல் முடிகிறதே என்று நினைத்தேன். வகுப்பில் பையன்களின் கட்டுரையைத் திருத்துகிற அதே கை. மெழுகுத்தாளில் இப்படி எழுதினேன்: *ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.*

சீட்டைப் பாயிடம் நீட்டினேன். அது அடுப்புக்குள் போயிற்று.

பொறாமை என்று சொன்னால் பாதி உண்மை. அந்தக் கவிதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்ததில் நானும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

இதழ் வந்ததும் கடிதங்கள் வந்தன. எல்லாமே கடைசி வரியைப் பற்றி. பாய் கடையில் பெட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் படித்துக் காட்டினார். "அந்தக் கடைசி வரியிலதான் வாத்தியாரே உசுரு இருக்குது" என்றார். அன்று சைக்கிளில் இண்டூர் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன்.

ருக்மணி சில வாரங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வீடு. மதராஸில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் திடீரென்று இறந்துபோயிருந்தான்; கவிதையில் வந்த அழைப்பு அந்த வீட்டுக்குத்தான். காய்ச்சல் என்று வீட்டார் சொன்னார்கள். காய்ச்சல் இல்லை என்று ஊர் பேசியது. பேச்சு எப்படிக் கசிந்தது என்று அவர்கள் தவித்துக்கொண்டிருந்தபோது யாரோ தகரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். எழுதியவர் பெயர் இல்லைதான். ஆனால் அந்த எக்ஸ்சேஞ்சில் எங்களோடு பழகிய ஒரே ஆள் ருக்மணி. ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது என்று அச்சில் வேறு இருக்கிறது.

புகார் போயிற்று. விளக்கம் கேட்டு ருக்மணிக்கு மெமோ வந்தது.

மணல்மேட்டில்

இப்போது அந்த மதியத்துக்குத் திரும்புகிறேன். பெயர் சொல்லக் கூடாது என்று பாய் வருத்தப்பட்டதும் ருக்மணி சொன்னார்:

"விதி எனக்கும் தெரியுமுங்க பாய். மெமோ வந்திருக்குது. நான் கேக்கலைன்னுதான் எழுதினேன். கேட்டேன்னு வந்திருக்குது. இதழ்ல மாத்தினதுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல காட்டுவேன். இல்லைன்னா வேலை போயிடும்."

"பெட்டிக்குள்ள வந்ததை யாரும்மா மாத்தப் போறாங்க?" என்றார் ஒருவர்.

"எழுதும்போது ஒரு வேகத்துல எழுதியிருப்பீங்க. இப்பப் பயமா இருக்குது. அதானே?" என்றார் இன்னொருவர்.

"அந்தச் சீட்டு இருந்தா பாத்துடலாம்..." என்று பாய் இழுத்தார்.

"நீங்கதானுங்க எரிச்சீங்க."

பாய் என் பக்கம் திரும்பினார். எல்லோருமே திரும்பினார்கள். "வாத்தியாரே, வந்தது வந்தபடிதானே?"

"வந்தது வந்தபடிதான்" என்றேன்.

அருவிச் சத்தத்தில் அது கேட்டிருக்காதோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல், உரக்கவே சொன்னேன்.

ருக்மணி எழுந்து ஆற்றில் கையைக் கழுவினார். அந்தக் கை எதையும் தொட்டிருக்கவில்லை. பிறகு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். பரிசல்காரர், "அம்மா சாப்பிடாமப் போறாங்களே" என்றார்.

வேலை போயிற்று. தகரம் இன்னும் சில இதழ்கள் வந்து நின்றது. இதனால் நின்றதாகச் சொல்ல முடியாது. எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஆளுக்கொரு ஊருக்கு மாற்றல் வந்தது. பாய் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. தன் கடைசிக் காலத்தில்கூட, "பொய் இல்லாம ஒரு இதழ் நடத்தினோம் வாத்தியாரே" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். அவரிடம் நான் சொல்லவில்லை.

கல்லூரிக் கருத்தரங்குகளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். தகரக் குழுவில் எஞ்சியிருப்பவர் என்று பொன்னாடை போர்த்துவார்கள். அந்தக் கடைசி வரியைச் சொல்லித்தான் உரையை முடிப்பேன். கைதட்டுவார்கள்.

பென்னாகரம்

இப்போது ஒரு தம்பி, பதிப்பகம் வைத்திருப்பவர், தகரம் இதழ்களை எல்லாம் தேடிச் சேர்த்து ஒரே புத்தகமாகக் கொண்டுவருகிறார். முன்னுரை என்னுடையது. பின்னட்டையில் என்ன போடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். "அந்த டெலிபோன் வரிதான் சார். பெரிய எழுத்துல, தனியா" என்றார்.

மறுநாள் காலை பென்னாகரம் பஸ் ஏறினேன்.

ருக்மணி தன் தம்பியின் மகன் வீட்டில் இருக்கிறார். எக்ஸ்சேஞ்ச் வேலை போன பிறகு கூட்டுறவு சொசைட்டி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். வூடு கண்டுபுடிக்க முடிஞ்சுதுங்களா?"

"கேட்டுக்கிட்டே வந்தேங்க."

எனக்கு இப்போது காது மந்தம். அவர் உரக்கப் பேச வேண்டியிருந்தது. நானும் அப்படித்தான் பேசியிருப்பேன் போல. அடுப்படியிலிருந்து அந்தத் தம்பி மகனின் மனைவி எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"அந்த வரியைத் திருத்தினது நான்தாங்க" என்றேன். இதைச் சொல்லப் பஸ்ஸில் நிறைய வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"எப்படி?"

"எல்லாரும் தின்னுக்கிட்டு இருந்தாங்க. நீங்க முள்ளை மட்டும் எடுத்துக்கிட்டே இருந்தீங்க. வாயில ஒண்ணும் போடலை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே..."

"யாருகிட்டங்க? பாய் உங்களை நம்பினாரு. சீட்டும் எரிஞ்சு போச்சு. நான் கத்தியிருந்தா, பேருக்கு ஆசைப்பட்டுக் கத்தறாள்னுதானே சொல்லியிருப்பீங்க?"

சொல்லியிருப்போம். அதற்குத் தோதாகத்தான் எங்கள் விதிகள் இருந்தன.

"வேலை போனது போயிட்டுது. வேற கெடைச்சுது" என்றார். "ஜவுளிக்கடை அம்மா மட்டும் சாகற வரைக்கும் என்னைக் கண்டா முந்தானையை இழுத்துக்கிட்டு அந்தாண்ட போயிடுவாங்க. கோயில்ல பாத்தாலும் அப்படித்தான். அந்தப் பையன் எப்படிச் செத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதானே சாவியைத் தள்ளினேன். ஒட்டுக்கேட்டவள்னு ஊரு சொல்லுச்சு."

புதிய புத்தகத்தில் அவர் எழுதிய வரியையே போட்டுவிடலாம் என்றேன். இன்னும் நேரம் இருக்கிறது, பின்னட்டையையும் மாற்றிவிடலாம்.

"மாத்திடச் சொல்லுங்க அத்தை. நல்லதுதானே" என்றார் அடுப்படியில் நின்றவர்.

வெளியே ஒகேனக்கல் போகிற வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"வேண்டாங்க" என்றார் ருக்மணி. "இப்ப மாத்தினா முன்னேயே அப்படித்தான் இருந்துச்சுன்னு ஆயிடும். ஊரு படிச்சது அதை இல்லையே. நீங்க பண்ணினது மறைஞ்சு போயிடும். அந்த வரி அப்படியே இருக்கட்டும். கீழ என் வரியைப் போடுங்க. மேல இருக்கறது இன்னார் திருத்தினதுன்னு உங்க பேரைப் போடுங்க."

"உங்க பேரு?"

"எனக்கு எதுக்குங்க? விதி இருக்குதில்ல?"

பரிகாசமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எங்கள் கொள்கையைக் கடைசி வரை காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது எனக்கு விளங்கியது.

"என் வரி என்னன்னு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க. அவளுக்கும் கேக்கட்டும்."

"ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை."

அடுப்படிப் பக்கம் திரும்பி, "அதான்" என்றார். பிறகு என்னிடம், "பத்திரிகையில வாராவாரம் எழுதறீங்களாமே. அதுலயும் எழுதுங்க. புஸ்தகம் யாரு வாங்கறாங்க? ஜவுளிக்கடை வூட்டுல பேரன் பேத்தி எல்லாம் இருக்காங்க. அவங்க இதைப் படிப்பாங்க" என்றார்.

படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். உங்கள் வீட்டுக்கு வந்த அந்த அழைப்பை இணைத்த பெண் ஒரு சொல்லையும் கேட்கவில்லை. கேட்டதாக எழுதியவன் நான்.

வீடு திரும்பியதும் பதிப்பகத் தம்பிக்குப் போன் செய்தேன். பின்னட்டை வரியை எடுத்துவிடச் சொல்லி, அடிக்குறிப்பைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"புஸ்தகம் முழுக்க ஒருத்தர் பேரும் இல்லையே சார். உங்க பேரு மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது. போடுங்க" என்றேன்.

இனிஷியலோடு என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வதற்காக இன்னொரு முறையும் சொன்னேன்.

"புலவர், எம்.ஏ., இந்த மாதிரி முன்னாடி பின்னாடி ஏதாவது சேக்கணுங்களா சார்?"

பெயர் போதும் என்றேன்.